யார் வீட்டு சர்வர்? - புக்கிட் உடைந்த கதை

போன தடவை ஏலச்சீட்டு பற்றி எழுதிக் கழுத்தறுத்தேன். இந்தத் தடவை விளையாட்டு. ஆனாலும் பி.காம் புத்தி எங்கே போகும்? கடைசியில் ஒப்பந்தம், உரிமை என்றுதான் வந்து நிற்பேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன் :-)

முதல் வருட விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டோம். 8 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி. அதில் 3 ஜிபியை சர்வருக்கு ஒதுக்கினேன். மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே சாதா சர்வரை இலவசமாகத் தருகிறது. முதலில் அதைத்தான் ஓட்டினோம். மூன்றாவது நாள் நண்பனின் தம்பி உள்ளே வந்து, நான் கட்டிய மர வீட்டின் மேல் எரிமலைக் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டான். வீடு சாம்பல். இடத்தைப் பூட்டி வைக்க சாதா சர்வரில் சரியான வழி இல்லை. ப்ளக்இன் போட்டால் பூட்டலாம் என்றான் எங்களில் விவரம் தெரிந்தவன்.

ப்ளக்இன் போட, ஸ்பிகாட் என்ற மாற்றியமைத்த சர்வர் வேண்டும். தேடிப் போனால் தயாரான சர்வர் கோப்பு கிடைக்கவில்லை. 'பில்ட்டூல்ஸ்' என்று ஒரு சின்ன நிரலைக் கொடுத்து, உன் கம்ப்யூட்டரிலேயே சர்வரைச் செய்துகொள் என்கிறார்கள். இட்லி கேட்டவன் கையில் ஆட்டுக்கல்லைக் கொடுத்த மாதிரி. கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடின, ஓடின... நான் காபி குடித்துவிட்டு வந்த பிறகும் ஓடின. ஒருவழியாக முடிந்து சர்வரைத் துவக்கினால், உடனே நின்றுவிட்டது. உரிம ஒப்பந்தக் கோப்பில் 'ஃபால்ஸ்' என்று இருப்பதை 'ட்ரூ' என்று மாற்ற வேண்டுமாம். எதற்கு ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி கூடப் படிக்காமல் மாற்றினேன். (காண்ட்ராக்ட் ஆக்ட் நடத்தும் பேராசிரியர் மன்னிப்பாராக.)

தயாரான கோப்பை ஏன் தருவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

கொஞ்சம் முன்கதை

விளையாட்டைப் பிரித்து மாற்றி விளையாடும் பழக்கம் மைன்கிராஃப்ட்டுக்கு வெகு முன்னாலேயே உண்டு. 1993இல் வந்த டூம், படங்களையும் களங்களையும் தனிக் கோப்புகளாக வைத்திருந்ததால், ஆடுபவர்களே புதுக் களங்கள் செய்து பரிமாறிக்கொண்டார்கள். 1996இல் வந்த குவேக்கில் ஆடுபவர் கணினி வேறு, சர்வர் வேறு. யார் வேண்டுமானாலும் சர்வர் ஓட்டலாம், விதிகளையும் மாற்றி எழுதலாம். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ஹாஃப்-லைஃப் விளையாட்டை மாற்றிச் செய்ததுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். ஹாஃப்-லைஃபைத் தயாரித்த வால்வ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, இருவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, 2000இல் அதைக் கடை விற்பனைக்கே கொண்டுவந்தது.

அங்கே எல்லாம் சுபம். காரணம் எளிது. செய்தவர்கள் சிலர்தான், யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியும், பணமும் கை மாறியது.

புக்கிட் என்ற வாளி

ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் மைன்கிராஃப்ட்டை 2009 மே மாதம் முதலில் வெளியிட்டார். பலர் சேர்ந்து ஆடும் வசதி வளர வளர, எங்களுக்கு வந்த அதே தொல்லை எல்லோருக்கும் வந்தது. வீட்டை எரிப்பவன், பெட்டியில் திருடுபவன்... சாதா சர்வரில் ஆளை வெளியேற்றலாம், வேறு அதிகம் செய்ய முடியாது. ப்ளக்இன் எழுத அதிகாரபூர்வமான வழியும் கிடையாது.

அப்போது சில தன்னார்வலர்கள் ஒரு வேலை செய்தார்கள். மைன்கிராஃப்ட் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா நிரலைத் திரும்பப் பிரித்துப் படிக்க முடியும். பெயர்களையெல்லாம் மோஜாங் குழப்பி வைத்திருந்தது. இவர்கள் அதைப் பொறுமையாகச் சிக்கலெடுத்து, இடையிடையே தங்கள் நிரலைச் செருகி, ப்ளக்இன் போட வசதியான சர்வர் ஆக்கினார்கள். 2010 டிசம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் புக்கிட், அதாவது வாளி. ப்ளக்இன் எழுதுபவர்களுக்கான பகுதி புக்கிட், ஓடக்கூடிய சர்வர் கிராஃப்ட்புக்கிட். இடத்தைப் பூட்டும் வேர்ல்ட்கார்ட், எல்லோரும் போடும் எசென்ஷியல்ஸ் எல்லாம் இதன் மேல் ஓடியவைதான்.

இங்கேதான் ஒரு ஓட்டை. கிராஃப்ட்புக்கிட் கோப்பைத் திறந்தால் உள்ளே இரண்டு பேருடைய சரக்கு இருக்கும். ஒன்று, தன்னார்வலர்கள் எழுதியது. அதற்குத் திறமூல உரிமம் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று மோஜாங்கின் சொந்த நிரல். அதற்கு யாரும் எந்த உரிமமும் கொடுக்கவில்லை. அடுத்தவன் மனையில் பாதி சுவர் எழுப்பி வீடு கட்டிய கதை. மோஜாங் கண்டுகொள்ளவில்லை. விளையாட்டுக்கு இதனால் லாபம்தானே? இவர்களும் கவலைப்படவில்லை.

2012 பிப்ரவரியில் புக்கிட்டின் முக்கியஸ்தர்கள் நாலு பேரை மோஜாங் வேலைக்கு எடுத்தது. அதிகாரபூர்வ ப்ளக்இன் வசதியே வரப்போகிறது என்றார்கள். சொன்ன அந்த வசதி கடைசி வரை வரவில்லை. மீதிப் பேர் வழக்கம் போலச் சம்பளம் இல்லாமல் புக்கிட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

2014: மூன்று மாதத்தில் எல்லாம்

புக்கிட் சர்வர்கள் சில பெரிய வியாபாரமாகவே வளர்ந்திருந்தன. காசு கொடுத்தால் வைர வாள், காசு கொடுத்தால் பறக்கும் சக்தி. ஆடுபவர்களில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். 2014 ஜூனில் மோஜாங் விதிகளை விளக்கி வெளியிட்டது: நுழைவுக் கட்டணம் வாங்கலாம், நன்கொடை வாங்கலாம், அலங்காரப் பொருள் விற்கலாம். ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் சாதகம் தரும் பொருளை விற்கக் கூடாது. ஆகஸ்ட் 1 வரை அவகாசம்.

ஆகஸ்ட் 21 அன்று புக்கிட்டின் தலைவர், திட்டத்தை இழுத்து மூடுவதாக அறிவித்தார். அன்றே மோஜாங் தரப்பிலிருந்து பதில் வந்தது. நீ மூட முடியாது, அந்த நாலு பேரை எடுத்த 2012இலேயே புக்கிட்டையும் நாங்கள் வாங்கிவிட்டோம் என்று!

இரண்டரை வருடமாக ராத்திரி கண் விழித்து நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். பொதுக்கிணறு என்று நினைத்துத் தூர் வாரியிருக்கிறார்கள். பட்டாவோ வேறொருவர் பெயரில் இருந்திருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு முக்கியப் பங்களிப்பாளர் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நோட்டீஸ் விட்டார். அவர் வாதம் இதுதான். "நான் எழுதிய நிரல் என்னுடையது. அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. என் உரிமத்தின்படி, இதோடு சேர்த்து விநியோகிக்கும் மொத்த நிரலும் திறந்திருக்க வேண்டும். மோஜாங் நிரல் அப்படி இல்லை. ஆகவே என் நிரலை விநியோகிக்காதே." எங்கள் நிரலைத் திறந்த உரிமத்தில் சேர்க்க நாங்கள் யாருக்கும் அனுமதி தரவே இல்லை என்பது மோஜாங்கின் நிலை. கிராஃப்ட்புக்கிட் தரவிறக்கம் நின்றது. அதிலிருந்து கிளைத்த ஸ்பிகாட்டும் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 15 அன்று இன்னொரு செய்தி. மோஜாங்கை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்குகிறது. புக்கிட்டில் உழைத்த தன்னார்வலர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

ஆட்டுக்கல் வந்த வழி

2014 நவம்பர் கடைசியில் ஸ்பிகாட்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு சரக்கையும் சேர்த்து *விநியோகிப்பதில்தான்* சிக்கல். அப்படியானால் சேர்த்து விநியோகிக்க வேண்டாம். நாங்கள் மாற்றங்களை மட்டும் தருகிறோம். பில்ட்டூல்ஸ் மோஜாங்கின் சர்வரை மோஜாங்கிடமிருந்தே இறக்கி, பிரித்து, மாற்றங்களை ஒட்டி, உன் கணினியிலேயே சமைத்துத் தரும். அதை நீ வைத்துக்கொள், யாருக்கும் கொடுக்காதே.

ஆக, நான் காபி குடிக்கப் போன அந்த நேரம் முழுக்க என் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தது 2014ஆம் வருடச் சண்டையின் பரிகாரம். பிறகு ஸ்பிகாட்டிலிருந்து கிளைத்துப் பிரபலமான பேப்பர் சர்வரும், முதல் முறை ஓட்டும்போது இதே போல மோஜாங்கிடமிருந்து இறக்கித்தான் ஒட்டுகிறது.

இதில் நமக்கென்ன?

கூட்டாளிகள் எதுவும் எழுதி வைக்காவிட்டால் லாபநஷ்டம் சமபங்கு என்று 1932ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஒரு வழியாவது சொல்கிறது. தன்னார்வத் திட்டத்துக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் எழுதியவனுக்கே சொந்தம், சேர்ந்து செய்த மொத்தமோ யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லை. நல்லா இருக்கும் வரை இது தெரியவே தெரியாது. தெரிய வரும் அன்று எல்லோரும் வக்கீலாகிவிடுகிறார்கள்.

புக்கிட்டில் கெட்டவர் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோட்டீஸ் விட்டவர் மேல் நிறையப் பேருக்குக் கோபம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். மோஜாங் மேல் எனக்குள்ள வருத்தம் ஒன்றே ஒன்று. வாங்கியதில் தப்பில்லை. வாங்கியதைச் சொல்லாமல் இருந்தது தப்பு. 2012இலேயே சொல்லியிருந்தால், இருப்பதா போவதா என்று ஒவ்வொருவரும் அன்றே முடிவு செய்திருப்பார்கள்.

இப்படி எழுதுகிற எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. கல்லூரி திறந்ததும் சர்வரை நிறுத்திவிட்டேன். எங்கள் உலகத்தின் நகல் வேண்டும், தன் வீட்டில் ஓட்டப்போகிறேன் என்று நண்பன் கேட்டான். ப்ளக்இன் எல்லாம் உட்கார்ந்து போட்டது அவன்தான், ஊரில் பாதியைக் கட்டியதும் அவன்தான். நானோ "என் கம்ப்யூட்டர், எங்க அப்பா கட்டுற கரண்ட் பில்" என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன். அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான், பேசுவதையும் குறைத்துக்கொண்டான்.

இந்தக் கதையைப் படித்து முடித்த மறுநாள், அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டு வகுப்பில் அவன் கையில் கொடுத்தேன். ஒன்றரை ஜிபி. "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றான். சாயங்காலமே அவன் வீட்டில் சர்வர் ஓடியது. இப்போது நான் அங்கே விருந்தாளி.

அவன் தம்பி இன்னும் எரிமலைக் குழம்போடுதான் திரிகிறான், அது வேறு விஷயம்.

நீங்களும் சேர்ந்து எதையாவது செய்துவிட்டு, கடைசியில் 'இது யாருடையது' என்று முழித்திருக்கிறீர்களா? சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த தடவை சந்திப்போம்.