விக்ரம் இறங்கிய வழி

புத்தலப்பட்டில் தொடங்கி திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாகப் போகும் நெடுஞ்சாலை, நாயுடுப்பேட்டையில் சென்னை–கொல்கத்தா சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே சூலூர்பேட்டை. கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இந்தத் தீவு 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வழிநெடுக காரின் ஸ்பீடாமீட்டர் 80, 90 என்று வேகத்தைக் காட்டும். எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லாது. அதனால் நஷ்டமில்லை, திசையைச் சாலை பார்த்துக்கொள்ளும். 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டருக்குச் சாலை ஏது? வேகமும் திசையும் சேர்ந்த திசைவேகம்தான் அதற்கு எல்லாம்.

எல்விஎம்-3 ராக்கெட் அதை நேரே நிலவுக்குக் கொண்டுபோய்விடவில்லை. பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில்தான் விட்டது. பூமிக்கு மிக அருகில் வந்த சில சுற்றுகளில் போகும் திசையிலேயே எஞ்சின் தள்ள, பாதையின் மறுமுனை மேலும் மேலும் விலகியது. ஆகஸ்ட் 1 அன்று கொடுத்த தள்ளலில் நிலவை நோக்கிப் புறப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்று எஞ்சின் எதிர்த்திசையில் எரிந்து வேகத்தைக் குறைத்ததால்தான் நிலவின் ஈர்ப்பில் சிக்கியது. இல்லாவிட்டால் கடந்து போயிருக்கும். ஆகஸ்ட் 17 அன்று, அதுவரை சுமந்து வந்த உந்துகலத்திலிருந்து விக்ரம் பிரிந்தது.

இதே பெயருடைய முந்தைய லேண்டர் 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி நொறுங்கியது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்ய லேண்டர் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு விரைவாகத் திரும்ப அதன் மென்பொருளில் இடமில்லை. உந்துவிசை இருந்தும் அதைச் சரியான பக்கம் திருப்ப முடியாமல் போனது.

விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் இந்தப் பாடம் தெரிந்தது. லேண்டர் விரைந்து திரும்ப வழி செய்தார்கள், கால்களை வலுவாக்கினார்கள், இறங்கும் இடத்தை அகலமாக்கினார்கள். லேசர் டாப்ளர் கருவி ஒன்றும் புதிதாக ஏறியது. தரையில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, நிலவுத் தரையைப் பொறுத்து லேண்டரின் திசைவேகத்தை மூன்று திசைகளிலும் அது தனித்தனியே சொல்லும்.

ஆகஸ்ட் 23 மாலை 5.45 வாக்கில் இறக்கம் தொடங்கியது. உயரம் சுமார் 30 கிலோமீட்டர். கிடைத்திசையில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர், கீழ்நோக்கி ஏறக்குறைய பூஜ்யம். நிலவில் காற்று இல்லாததால் பாராசூட் உதவாது, எஞ்சின்தான் பிரேக். சுமார் பதினொன்றரை நிமிடத்தில் உயரம் ஏழரைக் கிலோமீட்டருக்குக் குறைந்தது. அப்போது கிடைவேகம் நொடிக்கு 358 மீட்டர், கீழ்நோக்கி 61 மீட்டர். அதுவரை படுத்தவாக்கில் பறந்த லேண்டர் மெல்ல நிமிர்ந்தது. கிடைவேகத்தை முழுக்கத் தொலைத்தாக வேண்டும். பக்கவாட்டில் மிச்சமிருந்தால் கால் பட்டதும் கவிழ்ந்துவிடக்கூடும். செங்குத்து வேகத்தையோ கொஞ்சம் வைத்துக்கொண்டால்தான் தரையைத் தொடும். சுமார் 150 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்று, பள்ளம் பாறை பார்த்து, நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் 6.04க்கு விக்ரம் தரை தொட்டது.

செப்டம்பர் 3 அன்று எஞ்சினை மறுபடி இயக்கி, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, சற்றுத் தள்ளி அமர்ந்தது. மறுநாள் உறங்க வைத்தார்கள்; நிலவின் இரவு கழிந்த பின் அது விழிக்கவில்லை.

இன்று நிலவுத் தரையைப் பொறுத்து விக்ரமின் திசைவேகம் பூஜ்யம். பூமியைப் பொறுத்தோ நிலவோடு சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. திசையும் ஓயாமல் மாறுகிறது. எந்தப் பக்கம், எதைப் பொறுத்து என்று கேட்காமல் வேகத்தை மட்டும் எழுதும் மாணவருக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்தான் போகும். 2019இல் திசை திரும்ப முடியாமல் ஒரு லேண்டரே போனது.