தட்டிலே பொறித்த பெயர்

முதல் ராக் அண்டு ரோல் பாட்டு எது என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். வரலாறு கற்பிப்பவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு "முதல்" இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் எண்ணம். தேர்வுத்தாள் வளர்த்துவிட்ட எண்ணம் அது! "ராக்கெட் 88 என்று பலர் சுட்டுவர்" என விடை தந்தேன். வீடு திரும்பிய பின்னும் மனம் அமைதி கொள்ளவில்லை. அந்த ஒருவரி விடைக்குள்ளே மறைந்து கிடப்போர் எத்தனை பேர்!

1951, மார்ச் திங்கள். அமெரிக்காவின் தென்பகுதி. மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் நகரினின்று கருப்பின இளைஞர் சிலர் மெம்பிஸ் நோக்கிக் காரிலே செல்கின்றனர். குழுவின் தலைவர் ஐக் டர்னர், வயது 19. பள்ளியிலே தனி இடம், பேருந்திலே பின்னிருக்கை, உணவு விடுதியிலே அடைத்த கதவு: அவர்கள் பிறந்த மண்ணில் இழிவுக்குச் சட்டமே காவல் நின்ற காலம். பொது இடங்களில் அந்தக் காவல் நீங்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பயணத்திலே கிட்டாரின் ஒலிபெருக்கி பழுதுற்றது. மெம்பிசில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில், சாம் பிலிப்ஸ் நடத்திய ஒலிப்பதிவுக்கூடம். பழுதுபட்ட பெருக்கிக்குள் தாளைத் திணித்தனர். வில்லி கிசார்ட் கிட்டாரை மீட்டினார். தெளிந்த நாதமா வந்தது? இல்லை, கரகரத்து உறுமிற்று! பிலிப்ஸ் அந்த உறுமலை ஒதுக்கவில்லை, உவந்து பதிந்தார். ஏழ்மையின் குறை இசையின் நிறையாயிற்று. பின்னாளில் இதே உறுமலை வரவழைக்கவென்றே தனிக் கருவிகள் செய்து விற்றனர்.

பாடியவர் குழுவின் சாக்சபோன் கலைஞர் ஜாக்கி பிரென்ஸ்டன். பாடுபொருள்? ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தின் கார்! பண்டிதர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும். பேருந்திலே பின்னால் தள்ளப்பட்டவன், தன் வண்டியிலே தானே தலைவனாய் முன்னமர்ந்து செல்வதைப் பாடுகிறான். வெறும் களியாட்டமா அது?

வானத்தினின்று குதித்ததுமன்று இப்பாட்டு. 1947இல் ஜிம்மி லிகின்ஸ் பதிந்த "கேடிலாக் பூகி"யே இதற்கு மூலம் என்பதைப் பிரென்ஸ்டனே ஒப்பினார். அதற்கு முன் பூகி-வூகி பியானோ. அதற்கும் முன் பருத்திக் காட்டுப் புளூஸ்.

சிகாகோவின் செஸ் நிறுவனம் தட்டினை வெளியிட்டது. அதிலே பொறித்த பெயர் "ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்". அப்படியொரு குழுவே கிடையாது! வாசித்தவர்கள் டர்னரின் "கிங்ஸ் ஆஃப் ரிதம்" குழுவினர். தலைவனின் பெயர் தட்டின் தலைப்பிலே இல்லை. பிரென்ஸ்டன் தம் உரிமையை 910 டாலருக்கு விற்றார். தமக்குக் கிட்டியது 20 டாலர் என்று டர்னர் பிற்காலத்தில் கசந்து கூறினார். பாட்டோ, பில்போர்டு இதழின் ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் 5 வாரம் முதலிடம் வகித்தது!

பட்டியலின் பெயரையும் பாருங்கள். 1949 வரை "இனத் தட்டுகள்" என்றே அதனைக் குறித்தனர். இதழாளர் ஜெரி வெக்ஸ்லர் அதை மாற்றி "ரிதம் அண்டு புளூஸ்" என்றாக்கினார். பெயர் மாறிற்று, வேலி மாறவில்லை. கருப்பர் பாடினால் ஒரு பட்டியல். அதையே வெள்ளையர் பாடினால் வேறு கடை, வேறு வானொலி, வேறு விலாசம். அதே 1951இல் பில் ஹேலி என்ற வெள்ளைக் கலைஞர் ராக்கெட் 88ஐத் தம் குழுவோடு பதிந்தார். 1955இல் வேறொரு பாட்டால் அவர் நாட்டின் பொதுப் பட்டியலிலேயே முதலிடம் எய்தினார்; ராக் அண்டு ரோலின் தந்தை என்று சிலர் அவரை அழைக்கவும் தொடங்கினர்.

சாம் பிலிப்சைக் கயவர் என்பது எளிது, நேர்மையன்று. தென்பகுதியிலே கருப்பினக் கலைஞர்க்குக் கதவு திறந்த வெள்ளையர் வெகு சிலருள் அவர் ஒருவர். 1952இல் சன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1954இல் அதே கூடத்திலே எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டைப் பதிந்தார். அந்தத் தட்டிலிருந்தே கதையைத் தொடங்குவோர் இன்றும் உளர்.

பிரென்ஸ்டன்? தனிக்குழு அமைத்தார், நிலைக்கவில்லை. மீண்டும் டர்னரின் குழுவிலே சேர்ந்து, பின்வரிசையில் நின்று சாக்சபோன் ஊதினார். பிறகு லாரி ஓட்டிப் பிழைத்தார். 1979இல் மெம்பிசில் மாண்டார்.