கைவிளக்குக்கு ஏற்ற எல்.இ.டி.

டார்ச் லைட் என்று வழங்கும் கைவிளக்குக்கு எல்.இ.டி. தேர்ந்தெடுப்போர் பிரகாசத்தின் அளவோடு ஒளியின் வர்ண சுபாவத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். வெள்ளை எல்.இ.டி. இயல்பாக வெண்ணொளி தருவதன்று. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உமிழும் சில்லின்மீது, சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் முதலிய ஒளிர்பொருள் பூசப்பட்டிருக்க, நீலத்தின் ஒரு பகுதி மஞ்சளாக மாறி, எஞ்சிய நீலத்தோடு கலந்து வெண்மையாகப் புலப்படுகிறது. பிரகாசமான நீல எல்.இ.டி. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் கைகூடிய பின்னரே இது சாத்தியமாயிற்று. அதன் பொருட்டு அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஒளியின் சாயலைக் கெல்வின் அளவால் குறிப்பர். எண் ஏற ஏற நீலம் மிகும். 6500 கெல்வினை ஒட்டியது கூல் ஒயிட், 4000 முதல் 5000 வரை நியூட்ரல், 3000ஐ ஒட்டியது பழைய குண்டு பல்பை நிகர்த்த வார்ம் ஒயிட்.

ஒரே மாதிரி எல்.இ.டி.யில் வார்ம் வகை, கூல் வகையைவிடக் குறைந்த லூமனே, அதாவது குறைந்த ஒளியளவே, தரும். வார்ம் சாயலின் பொருட்டு நீலத்தைச் சிவப்பாக மாற்றுகையில் ஆற்றலின் ஒரு பங்கு உஷ்ணமாகக் கழிகிறது என்பது ஒரு காரணம். 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில் கூர்மையும் ஆழ்ந்த சிவப்பில் மந்தமும் உடைய மனிதக் கண்ணை அனுசரித்தே லூமன் கணக்கிடப்படுவதால், சிவப்பு மிகுந்த ஒளி எண்ணிக்கையில் தாழ்ந்தே நிற்கும் என்பது மற்றொன்று. எனினும் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லையாதலால், 1000 லூமனுக்கும் 800 லூமனுக்கும் உள்ள பேதம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலன்றி எளிதில் தெரியாது; எண்ணின் பொருட்டு வர்ணத்தை இழப்பது உசிதமன்று.

வார்ம் சாயல் ஒன்றே குணமாகிவிடாது; நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண்ணையும் பார்க்கவேண்டும். சாதாரணக் கூல் ஒயிட்டில் இது 70 அளவில் நிற்க, நல்ல வகைகளில் 90ஐக் கடக்கும். இப்பொது எண் எட்டு மென்னிற மாதிரிகளின் சராசரியே ஆகையால், அடர்சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 என்னும் எண்ணைத் தனியே விசாரிப்பது நன்று. ஆர்9 குறைந்த விளக்கின் கீழ் உள்ளங்கையை விரித்தால் இரத்தவோட்டத்தின் செம்மை மறைந்து தோல் வெளிறித் தோன்றும். மின்பெட்டியினுள் சிவப்பு வயரையும் பழுப்பு வயரையும் பிரித்தறிவதும் கடினமாகும்.

கைவிளக்குகளில் பயன்படும் எல்.இ.டி.களுள் நிச்சியா 219பி, 4500 கெல்வினில் 90க்கு மேற்பட்ட சி.ஆர்.ஐ. தந்து நெடுநாள் போற்றப்பட்டது. பேரளவான வெளிச்சம் அதன் நோக்கமன்று. லுமினஸ் எஸ்.எஸ்.டி.-20இன் 4000 கெல்வின் வகை 95ஐ எட்டுவதோடு, சிறிய சில்லாதலால் ஒளியைத் தூரம் செலுத்தும். ஆயினும் குறைந்த மின்னோட்டத்தில் பச்சைச் சாயல் தட்டுவதுண்டு. சாம்சங் எல்.எச்.351டி அகன்ற, மிகுந்த ஒளி தரும். எதுவாயினும் உஷ்ணம் ஏறினால் ஒளி குன்றுமாதலால், செப்புத் தகட்டில் பதித்து, உஷ்ணத்தை விளக்கின் உடலுக்கு நேரே கடத்தும் அமைப்பே பயன் தரும்.

நெடுந்தூரத்தைத் துழாவுவதே நோக்கமாயின் கூல் ஒயிட்டே தகும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பழுதுபார்க்கும் வேலைக்கும் 4000 முதல் 4500 கெல்வினும் 90க்குக் குறையாத சி.ஆர்.ஐ.யும் உடையதே சிறந்தது.