பலகையில் இருந்த ஒரு சொல்

திருக்கடையூருக்கு மணிவிழாக் காண வருவோர், சடங்கு முடிந்ததும் உணவு விடுதிக்குள் நுழைகின்றனர். காசு கொடுக்கின்றனர்; இலை விழுகிறது. நீர் எக்குலத்தவர் என்று கல்லாவில் இருப்பவர் கேட்பதில்லை. இது தானாக வந்த ஏற்பாடு என்று எண்ணிவிடாதீர்!

முன்னாளில் தென்னிந்திய இரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில், 'பிராமணாள்' உண்ண ஓரிடம், 'இதராள்' உண்ண வேறிடம். தண்டவாளம் ஒன்று, வண்டி ஒன்று, பயணச்சீட்டின் விலையும் ஒன்று. இலை போடும் இடம் மட்டும் இரண்டு! 'இதராள்' என்றால் யார்? மண்ணை உழுதவனும், நெல்லை விளைத்தவனும், அந்த நெல் மூட்டையை வண்டியில் ஏற்றியவனுந்தான். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாது கிளர்ந்ததன் பின், 1941-இல் அப்பிரிவினை ஒழிந்தது.

இரயில்வேயில் ஒழிந்தது, ஊருக்குள் ஒழிந்ததா? இல்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்றோர் உணவு விடுதி இருந்தது. அதன் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லும் இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பொது உணவு விடுதிக்குள் நுழைய எவரையும் சாதி காரணமாகத் தடுக்கலாகாது என்று சொல்லிவிட்டது. ஆகவே கதவு திறந்திருந்தது. பலகையோ அப்படியே தொங்கியது.

"உள்ளே எவரும் வரலாமே, பலகையில் என்ன எழுதினால் என்ன? சைவ உணவு என்பதற்கு அது ஓர் அடையாளந்தானே!" என்று கேட்டோர் உண்டு. கேள்வியைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் பத்துக் கிணறுகள்; ஒன்றின் மேல் மட்டும் 'நல்ல தண்ணீர்' என்று எழுதி வைத்தால், மற்ற ஒன்பது கிணற்று நீரைப் பற்றி அங்கே எழுதாமலே எழுதப்பட்டுவிடுகிறது அல்லவா? சைவ உணவு என்று சொல்லத் தமிழில் சொல்லா இல்லை?

1957 மே 5-ஆம் நாள் அந்த விடுதியின் முன் மறியல் தொடங்கியது. ஆட்சியில் இருந்தவர் காமராசர். அவரைப் பச்சைத் தமிழர் என்று போற்றி ஆதரித்தவர் பெரியார். அந்த ஆட்சியின் காவல் துறையேதான் பெரியாரின் தொண்டர்களைப் பிடித்தது. ஆதரவு ஒருபுறம், அறப்போர் ஒருபுறம்! நாள்தோறும் தொண்டர் வந்தனர், கைதாயினர், மறுநாள் வேறு சிலர் வந்தனர். கோடை போயிற்று, மழை வந்தது, பொங்கலும் கடந்தது. 1958 மார்ச் 22 வரை, 322 நாட்கள்! சிறை புகுந்தோர் 1010 பேர். கணக்கிட்டால் நாளொன்றுக்கு மூவர். ஒரு சொல்லுக்காக!

இதே காலத்தில் காவிரிப் படுகை வேறொரு தீயில் கனன்று கொண்டிருந்தது. 1957 நவம்பர் 3-இல் தஞ்சையில் கூடிய மாநாடு, சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளைக் கொளுத்துவதென முடிவு செய்ய, நவம்பர் 26-இல் அது நடந்தது, பல்லாயிரவர் பங்குகொண்டனர். அந்தப் பெருந்தீயின் அருகே திருவல்லிக்கேணி மறியல் சிறு அகல்விளக்காய்த் தோன்றியிருக்கலாம். ஆயினும் அகல் அணையவில்லை.

முடிவில் உரிமையாளர் இறங்கி வந்தார். 'பிராமணாள்' போய், 'ஐடியல்' என்ற சொல் ஏறியது. நமக்கு இதில் சிறு வருத்தமும் உண்டு: தமிழ்ச் சொல் ஒன்று ஏறியிருக்கலாம்! ஆனால் ஆங்கிலச் சொல்லானாலும் அது எவரையும் 'இதராள்' ஆக்கவில்லை. இட்டலியின் சுவை குறைந்ததாகவும் எவரும் சொல்லவில்லை.

அந்தப் பலகை இன்றில்லை. திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் பல மாவட்டத்து இளைஞர்கள் தங்கி வேலை தேடினார்கள், தேர்வுக்குப் படித்தார்கள். மெஸ்களில் டோக்கன் வாங்கி அருகருகே அமர்ந்து உண்டார்கள். 1010 பேரில் ஒருவர் பெயரும் அவர்களில் பலருக்குத் தெரிந்திராது. பிறகு 2012-இல், திருவரங்கத்தில் ஓர் உணவு விடுதியின் பலகையில் அதே சொல் மீண்டும் ஏறியது. கருஞ்சட்டைத் தோழர்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தனர்.