ஈப்பர்க் களத்திற் கனடியரும் இந்தியரும்

1915 ஏப்பிரல் 22 மாலை, பெல்சிய நகரான ஈப்பருக்கு வடக்கே ஜேர்மானியர் குளோரீன் என்னும் நச்சுவாயுவைத் திறந்துவிட்டனர். பிரெஞ்சு அணி நிலைகுலைய, அருகிருந்த முதற் கனடியப் படைப்பிரிவு அவ்விடைவெளியை அடைக்க முற்பட்டது. 24 ஆந் திகதி அவர்மீதும் வாயு வந்தது. முகமூடியில்லாத வீரர் சிறுநீரில் நனைத்த துணியை மூக்கிற் பொத்தி நின்றனர். இதனை மேனாட்டு நூல்கள் விரித்துரைக்கும். ஆயின், துணைக்கு விரைந்த இந்திய இலாகூர்ப் படைப்பிரிவைப் பல நூல்கள் ஒரு வரியோடு விடுவது நேரிதன்று. 26 ஆந் திகதி மறைவற்ற சரிவில் முன்னேறிய அப்பிரிவையும் வாயு சூழ்ந்தது. அதிகாரிகள் வீழ்ந்தபின் ஜமேதார் மீர் தஸ்த் எஞ்சினோரைத் திரட்டி, பின்வாங்கும் ஆணை வரும்வரை அகழியைக் காத்தார். குண்டுமழையினூடே அதிகாரிகள் எண்மரைத் தூக்கிவரவும் உதவினார். விக்டோரியாச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. புதைகுழி அறியப்படாத கனடியர் பெயரும் இந்தியர் பெயரும் ஈப்பரின் மெனின் வாயிலிற் பொறிக்கப்பட்டுள்ளன.