ஒரே குரல், மூன்று மேடைகள்: இசைமுரசு நாகூர் ஹனிபா

அல்ஹம்துலில்லாஹ்! நம் சமுதாய வரலாற்றில் மறக்கவொண்ணாத குரல்களுள் ஒன்று மர்ஹூம் நாகூர் இ.எம். ஹனிபா அவர்களுடையது. 2025ஆம் ஆண்டோடு அன்னார் பிறந்து நூறாண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, அவர்தம் வாழ்வைச் சற்று நினைவுகூர்கிறோம்.

1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்த அவர், தந்தையாரின் ஊராகிய நாகூரையே தம் பெயரின் அடையாளமாக்கிக் கொண்டார். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். ஆயினும் உச்ச சுருதியில் எழும் அவரது கம்பீரக் குரலில் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விளங்கும்.

அக்குரல் மூன்று மேடைகளில் ஒலித்தது. முதலாவது, மீலாது விழாக்களும் மார்க்கக் கூட்டங்களும். இரண்டாவது, அரசியல் மேடை. தி.மு.க.வின் தொடக்க காலந்தொட்டே அதன் கொள்கைகளைப் பாடிய அவர், பிற்காலத்தில் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் பொறுப்பேற்றார். 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் தோல்வியையும் கண்டார். மூன்றாவது, திரைப்படம். 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். அறுபது வயதைக் கடந்த பின்னரும் இளையராஜாவின் இசையில் 'செம்பருத்தி' (1992), 'ராமன் அப்துல்லா' (1997) ஆகிய படங்களில் பாடினார்.

"நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ் பாடிய நாவு, கட்சிக்கும் சினிமாவுக்கும் பாடலாமா?" என்று வினவியோர் நம்மிடையே உண்டு. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டையும் நாம் அறிவோம். அதற்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் வரலாறு கூறும் உண்மையொன்றை மறைத்தல் நீதியாகாது. எம்மேடை ஏறினும் அன்னார் தம் பெயரையோ அடையாளத்தையோ மாற்றிக் கொண்டாரில்லை. எழுத்தறியாத நம் தாய்மார்கள் பலர் நபிமார்களின் வரலாற்றைச் செவிவழி அறிந்தது அவரது இசைத்தட்டுகளாலும் ஒலிநாடாக்களாலுமே. ஆர். அப்துல் சலாம் இயற்றி அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலைப் பிற சமயச் சகோதரர்களும் தம் இல்லங்களில் விரும்பிக் கேட்கின்றனர். மேடைப் பேச்சுகள் பல சாதிக்க இயலாத நல்லிணக்கம் அது.

2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் அவர் இறையடி சேர்ந்தார். பல துறைகளில் கால் பதிக்கும் நம் இளைஞர்களுக்கு அவ்வாழ்வில் ஒரு படிப்பினை உண்டு: எத்துறை சென்றாலும் ஈமானையும் பிறந்த சமுதாயத்தையும் மறவாதிருத்தல்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனபதியை வழங்குவானாக! ஆமீன்.