பாலாற்றுத் தோல் தொழிற்பகுதியும் மின்னாற்றல் மூலங்களின் பாதுகாப்பு ஒப்பீடும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதியின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் நீர் மாசின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் மின்சாரத்திற்கும் இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைச் சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னாளில் கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறின. அம்முறைக்குரிய எதிர்ச்சவ்வூடு பரவல் அமைப்புகளின் உயரழுத்த எக்கிகள் மின்சாரத்தால் இயங்குபவை. ஆக, பாலாற்றைக் காக்கும் முயற்சியே மின் தேவையைக் கூட்டியது.

அம்மின்சாரத்தை ஒரே நிலையத்தோடு பொருத்திக் காட்ட இயலாது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, கல்பாக்கத்தின் அணுவாற்றல், மேட்டூரின் நீர்மின்சாரம், தென்மாவட்டக் காற்றாலைகள் யாவும் ஒரே கட்டமைப்பில் கலக்கின்றன. ஆனால் அவை விளைவிக்கும் தீங்குகள் ஒத்தவையல்ல. 2007இல் 'லான்செட்' இதழில் மார்க்கண்டேயா, வில்கின்சன் இருவரும் ஐரோப்பிய நிலைமைகளுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, நூறு கோடி அலகு மின்சாரத்திற்குப் பழுப்பு நிலக்கரியால் ஏறத்தாழ 32.7 பேரும் அணுவாற்றலால் ஏறத்தாழ 0.07 பேரும் இறக்கின்றனர். முன்னதில் விபத்தின் பங்கு 0.12 மட்டுமே, எஞ்சியது காற்று மாசு. நீர்மின்சாரத்தின் கணக்கோ, 1975இல் சீனத்தின் பான்சியாவோ அணை உடைந்த நிகழ்வைச் சேர்ப்பதையோ விடுப்பதையோ பொறுத்தே பெரிதும் மாறிவிடும். ஐரோப்பிய எண்களை அப்படியே இங்குப் பெயர்த்து வைப்பது பிழை. எனினும் விபத்தினும் புகையே மிகுதியாகக் கொல்கிறது என்னும் வரிசைமுறை இங்கு மாறுவதற்குக் காரணம் தென்படவில்லை.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிய தொழிலாளர் உட்பட 10 பேர் இறந்தனர். 2020இல் நெய்வேலியில் மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் கொதிகலன்கள் வெடித்தன. இரண்டாம் வெடிப்பில் அன்றே 6 பேர் மாண்டனர். இவற்றுக்கு நாளும் எண்ணிக்கையும் உண்டு. பாலாற்று உவர் நீருக்கு அத்தகைய நாள் இல்லை. ஆயினும் வழக்கும் ஆய்வும் அதனை ஹெக்டேர்களில் எண்ணச் செய்தன. சுத்திகரிப்பு நிலையம் நுகரும் மின்சாரத்தின் புகையோ கட்டணச் சீட்டில் அலகாக மட்டுமே பதிவாகிறது.